தோட்டா நிரப்பி முடிந்ததும் வெடிமருந்தை எப்படி எடுத்துவைப்பது

வேலை முடிந்த அன்றே மருந்தை அளந்து ஊற்றும் கருவியின் ஹாப்பரை, அதாவது மருந்து கொட்டிவைக்கும் மேல் கலத்தை, காலி செய்யுங்கள். புகையற்ற மருந்தில் நைட்ரோகிளிசரின் கலந்த வகைகள் பிளாஸ்டிக்கை அரித்து மங்கலாக்கும். வெளிச்சமும் ஈரமும் மருந்தையே கெடுக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, மறுமுறை உட்காரும்போது உள்ளே கிடப்பது எந்த மருந்து என்று மறந்துபோவது. வேக எரிமருந்தை மெதுவானது என்று நினைத்து நிரப்பினால் துப்பாக்கியே வெடித்துவிடக்கூடும். அதனால் மேசையில் ஒரே ஒரு டப்பாதான் இருக்க வேண்டும். மிச்சம் அதன் சொந்த டப்பாவுக்கே திரும்பட்டும். எது என்று சந்தேகம் வந்தால், யோசிக்காமல் கழித்துவிடுங்கள்.

டப்பாவை இறுக மூடி, திறந்த தேதியை எழுதி, வெயிலும் அடுப்பும் அண்டாத குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் பூட்டிவையுங்கள். இரும்புப் பெட்டகம் பாதுகாப்பாகத் தோன்றும், ஆனால் தீப்பிடித்தால் அழுத்தம் வெளியேற வழியின்றி அதுவே குண்டாகிவிடும். 25 மி.மீ. பலகையில் செய்த மர அலமாரி நல்லது. ப்ரைமர்கள் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடிகள்) வேறு அலமாரியில்.

புளித்த அமில நெடியோ செம்பழுப்புத் தூளோ தெரிந்தால் மருந்தின் மூலப்பொருளான நைட்ரோசெல்லுலோஸ் சிதையத் தொடங்கிவிட்டது. அந்த மருந்து இனி ஆகாது.