ரவுட்டர் அமைவு மாற்றத்தை நடைமுறைக்குக் கொண்டுவரும் முன் சரிபார்ப்பது எப்படி?

தொலைவிலுள்ள ரவுட்டருக்குள் எஸ்எஸ்ஹெச் (பாதுகாப்பான தொலைநிலை இணைப்பு) வழியாக நுழைந்து அதன் அமைவை மாற்றுவது, நுனிக்கிளையில் அமர்ந்துகொண்டு அடிக்கிளையை வெட்டுவதற்கு ஒப்பானது. ஒரு வரி பிசகினால், அதைத் திருத்தச் செல்லும் வழியே அடைபட்டுவிடும். ஆகவே மாற்றத்தை முன்கூட்டியே பார்ப்பது, தவறினால் தானாகத் திரும்பும்படி ஏற்பாடு செய்வது ஆகிய இரண்டையும் சேர்த்தே பழக வேண்டும். இங்கு ஜூனிப்பர் நிறுவன ரவுட்டர்களில் இயங்கும் ஜூனோஸ் என்ற இயக்க அமைப்பை எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் தட்டச்சு செய்பவை முதலில் வரைவு அமைவில் மட்டுமே சேர்ந்து, ‘கமிட்’ என்ற உறுதிப்படுத்தும் கட்டளையைக் கொடுத்த பிறகே நடைமுறைக்கு வருவதால், தொடக்கநிலையினர் கற்க இது ஏற்றது. கட்டளைகளை ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். சாதனத்தில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் உள்ளிட வேண்டும்.

முதல் படி, ‘கான்ஃபிகர் எக்ஸ்க்ளூசிவ்’ என்று கொடுத்து, மற்றவர்கள் மாற்ற முடியாதபடி அமைவுக்குள் நுழைவது. வெறும் ‘கான்ஃபிகர்’ கொடுத்தால் வரைவு எல்லாருக்கும் பொதுவானதாக இருக்கும். வேறொருவர் பாதியில் விட்டுச்சென்ற மாற்றமும் உங்கள் கமிட்டுடன் சேர்ந்து நடைமுறைக்கு வந்துவிடக்கூடும்.

இரண்டாம் படி, மாற்றங்களை உள்ளிடுவது. ஓர் இன்டர்ஃபேஸின் (ரவுட்டரின் இணைப்பு முனையின்) ஐபி முகவரி 192.0.2.1/30 என்றிருக்கிறது, அதை 192.0.2.5/30 என்று மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். புதியவர்கள் பெரும்பாலும் புதிய முகவரியை ‘செட்’ கட்டளையால் கொடுத்துவிட்டு வேலை முடிந்ததாக எண்ணிவிடுவார்கள்.

மூன்றாம் படியில்தான் நிதானம் தேவை. ‘டாப்’ கொடுத்து அமைவின் மேல்மட்டத்துக்கு வந்து, ‘ஷோ | கம்பேர்’ என்று கொடுங்கள். உள்மட்டத்தில் நின்றபடி இதைக் கொடுத்தால் அந்தப் பகுதியின் வேறுபாடு மட்டுமே தெரியும். மற்ற இடங்களில் செய்த மாற்றங்கள் கண்ணில் படாது. சேர்க்கப்பட்ட வரிகள் கூட்டல் குறியுடனும், நீக்கப்பட்டவை கழித்தல் குறியுடனும் வரும். நமது எடுத்துக்காட்டில் ஒரு கூட்டல் வரி மட்டுமே தென்படும், கழித்தல் வரியே இருக்காது. ஏனெனில் ஜூனோஸில் ஓர் இன்டர்ஃபேஸுக்குப் பல முகவரிகள் இருக்கலாம் என்பதால், ‘செட்’ பழைய முகவரியை அகற்றாமல் புதியதையும் பக்கத்தில் சேர்த்துவிடுகிறது. பழையதை ‘டிலீட்’ கொண்டு நீக்கிவிட்டு மீண்டும் ஒப்பிட்டால் இரு குறிகளும் தெரியும். எனவே, திரையைப் பார்க்கும் முன்பே எத்தனை வரிகள் கூட வேண்டும், எத்தனை குறைய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் திரையில் வந்ததையே சரியென்று மனம் ஏற்றுக்கொண்டுவிடும்.

அடுத்து ‘கமிட் செக்’. இது எதையும் நடைமுறைப்படுத்தாமல், இலக்கணப் பிழைகளையும், வரையறுக்கப்படாத ஒரு பாலிசியை (வழித்தட விதியை) பிஜிபி என்ற ரவுட்டிங் நெறிமுறையில் குறிப்பிட்டிருப்பது போன்ற பிழைகளையும் சுட்டிக்காட்டும். ஆனால் உங்கள் நோக்கம் அதற்குத் தெரியாது. ஜூனோஸ் ஃபயர்வால் ஃபில்டரின் (போக்குவரத்தை வடிகட்டும் விதித்தொகுப்பின்) இறுதியில், அனுமதிக்கப்படாத அனைத்தையும் கைவிடும் விதி எழுதாமலே இருக்கிறது. எஸ்எஸ்ஹெச்சை அனுமதிக்க மறந்த ஃபில்டரை, ரவுட்டருக்கே வரும் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் லூப்பேக் இன்டர்ஃபேஸில் பொருத்தினாலும் இச்சோதனை வெற்றி என்றே சொல்லும், கமிட் கொடுத்த மறுகணம் நீங்கள் வெளியே நிற்பீர்கள்.

அந்த ஆபத்துக்காகவே ஐந்தாம் படி: ‘கமிட் கன்ஃபர்ம்ட் 5’. மாற்றம் உடனே நடைமுறைக்கு வரும். 5 நிமிடங்களுக்குள் மீண்டும் ‘கமிட்’ கொடுக்காவிட்டால் ரவுட்டர் தானாகவே பழைய அமைவுக்குத் திரும்பிவிடும். எண் கொடுக்காவிட்டால் அவகாசம் 10 நிமிடங்கள். அந்த இடைவெளியில், திறந்திருக்கும் இணைப்பை மட்டும் நம்பாமல், புதிதாக ஓர் எஸ்எஸ்ஹெச் இணைப்பை ஏற்படுத்திப் பாருங்கள். ரவுட்டிங் அண்டை சாதனங்களுடனான தொடர்பு நிலைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லாம் சரியென்றால் ‘கமிட்’ கொடுங்கள்.

பிழை பின்னர் தெரியவந்தால் ‘ரோல்பேக் 1’ முந்தைய அமைவை மீட்டெடுக்கும். அதுவும் வரைவில்தான் ஏறும் என்பதால், ஒப்பீடு, சோதனை, கமிட் என்ற அதே வரிசையை மறுபடி பின்பற்ற வேண்டும்.

சிஸ்கோ நிறுவனத்தின் ஐஓஎஸ் இயக்க அமைப்பில் இயங்கும் சாதனம் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அங்கு வழக்கமான முறையில் ஒவ்வொரு வரியும் என்டர் தட்டியதுமே செயல்படும், இடையில் வரைவு என்று எதுவும் இல்லை. மாற்றத்தைத் தொடங்கும் முன் ‘ரீலோட் இன் 10’ கொடுத்து, மாற்றங்களைச் சேமிக்காமல் வேலை செய்தால், இணைப்பு அறுந்தாலும் 10 நிமிடங்களில் ரவுட்டர் மறுதொடக்கம் ஆகிச் சேமித்த அமைவுடன் எழும். முரட்டு வழிதான், மறுதொடக்கத்தின்போது போக்குவரத்து முழுவதும் நின்றுபோகும். ஆனாலும் எதுவும் இல்லாததற்கு இது மேல். மாற்றம் சரியாக அமைந்ததும் முதலில் ‘ரீலோட் கேன்சல்’ கொடுத்துவிட்டு, பிறகு அமைவைச் சேமியுங்கள்.