சிறிய ஓவியக் கூடம் வடிவமைப்பது எப்படி: சுவரில் தொடங்குங்கள், கூரை பிறகு

கட்டடக்கலை ஸ்டூடியோ வகுப்பில் "ஆர்ட் கேலரி" என்று பிராஜெக்ட் கொடுத்ததுமே பலர் வளைந்த கூரை ஒன்றை வரைய ஆரம்பித்துவிடுவார்கள். கூரை காத்திருக்கட்டும். ஓவியம் தொங்குவது சுவரில், ஆகவே கணக்கும் அங்கேதான் தொடங்க வேண்டும். சென்னையில் 60 × 80 அடி மனை, அதாவது இரண்டு கிரவுண்டு, ஒரே தளம், 30 ஓவியங்கள். இதை வைத்தே கடைசிவரை போகலாம்.

படி 1: டேப்போடு போய்ப் பாருங்கள்

கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி, 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று தொடங்கிய ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமம், முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகம் மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். போட்டோ எடுத்து வந்தால் மட்டும் கேஸ் ஸ்டடி ஆகிவிடாது. அனுமதி கேட்டு அளந்து வாருங்கள்: ஓவியத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து எத்தனை செ.மீ., விளக்கு சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி, சுவிட்ச் போர்டும் தீயணைப்பானும் எந்தச் சுவரைத் தின்கின்றன, சரக்கு எந்த வாசல் வழியாக உள்ளே வருகிறது.

படி 2: சுவர் நீளம்

ஓவியத்தின் சராசரி அகலம் 90 செ.மீ., இரண்டுக்கு நடுவே 60 செ.மீ. என்று வைத்தால், ஓர் ஓவியத்துக்கு 1.5 மீ. ஆகிறது. முப்பதுக்கு 45 மீ.

6 × 9 மீ. அறை ஒன்றின் சுற்றளவு 30 மீ. அதை அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். இரண்டு வாசல் திறப்புக்கு 4 மீ. போகும். மூலையை ஒட்டி ஓவியம் மாட்டினால் பார்ப்பவர் தோள் பக்கத்துச் சுவரில் இடிக்கும். அதனால் மூலைக்கு இரு பக்கமும் 50 செ.மீ. விட, அதில் இன்னொரு 4 மீ. மீதி 22. இரண்டு அறை சேர்ந்து 44. குறையும் இடத்துக்கு 3 மீ. நீளத்தில் தனிச் சுவர் ஒன்று நடுவில் நிற்கட்டும்; இரு பக்கமும் மாட்டலாம், 6 மீ. கூடும். மொத்தம் 50.

அகலம் ஏன் 6 மீ.? இந்த அளவு ஓவியங்களைப் பார்க்க 2 மீ. பின்னால் வர வேண்டும். எதிரெதிர்ச் சுவரைப் பார்க்கும் இருவர் முதுகுக்கு நடுவே மூன்றாமவர் நடக்க 1.5 மீ. கூட்டினால் 5.5. நாலரை மீட்டர் அறை பிளானில் தாராளமாகத்தான் தெரியும். திறப்பு விழா அன்று நெரிசலில் தெரியும் அதன் குணம்.

ஜன்னலைக் கண் மட்டத்தில் வைத்தால் இந்தக் கணக்கு முழுவதும் உடையும். வைத்தால் வரவேற்பறையில் வையுங்கள்.

படி 3: மற்ற அறைகள்

கூடங்கள் 108 ச.மீ., வரவேற்பு 15, சேமிப்பறை 20, அலுவலகம் 10, கழிப்பறைகள் 12, பெட்டி பிரிக்கும் இடம் 10. மொத்தம் 175. சுவர்க் கனம், நடைவழிக்கு 25 சதவீதம் சேர்த்தால் சுமார் 219 ச.மீ., கிட்டத்தட்ட ஒரு கிரவுண்டு கட்டடம். கட்டடத்தைச் சுற்றி எத்தனை அடி காலியாக விட வேண்டும் என்பதைச் சாலை அகலம் பார்த்து, 2019-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் சரிபாருங்கள்.

பபிள் டயகிராமில் (அறைகளை வட்டங்களாக வரைந்து இணைக்கும் படம்) பார்வையாளர் வழியையும் ஓவியத்தின் வழியையும் இரண்டு நிறத்தில் வரையுங்கள். குட்டி யானை வண்டி பின்பக்கம் வந்து, மழை படாத கூரைக்கடியில் இறக்கி, பெட்டி பிரித்து, சேமிப்பறை வழியாகக் கூடத்துக்குள் போக வேண்டும். அந்த வழி முழுக்க 1.5 மீ. அகலமும் 2.4 மீ. உயரமும் வேண்டும். நடுவில் 90 செ.மீ. கதவு ஒன்று வந்தாலும் பெரிய ஓவியம் அங்கேயே நிற்கும்.

சேமிப்பறை கழிப்பறைச் சுவரை ஒட்டியோ, மாடித் தண்ணீர் டேங்குக்கு நேர் கீழேயோ வரக்கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்தை மனதில் வைத்து பேஸ்மட்டத்தை உயர்த்துவது நல்லது. ஆனால் 60 செ.மீ. உயர்த்தினால் 1:12 சாய்தளத்துக்கு 7.2 மீ. நீளம் வேண்டும். இரண்டு மீட்டரில் சாய்தளம் வரைந்து ஜூரியில் (பிராஜெக்டை மதிப்பிடும் குழு) மாட்டிக்கொள்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

படி 4: வடக்கு வெளிச்சம் (இங்கேதான் நிதானம் வேண்டும்)

"வடக்குப் பக்கம் கண்ணாடி வை, நேரடி வெயில் வராது" என்பது ஐரோப்பிய அட்சரேகைக்குப் பெரும்பாலும் சரி. சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஜூன் 21 அன்று அதன் நண்பகல் உயரம் சுமார் 80 டிகிரி. காலையில் அது உதிப்பதே கிழக்கிலிருந்து 24 டிகிரி வடக்கே தள்ளி. மறைப்பில்லாத வடக்குக் கண்ணாடி வழியாகக் காலையும் மாலையும் வெயில் நேராக எதிர்ச் சுவருக்குப் போகும்.

செய்ய வேண்டியது இரண்டு. கூரைக்கு மேலே எழும்பும் 1.2 மீ. உயரக் கண்ணாடிக்கு 30 செ.மீ. சன்ஷேடு, உச்சி வெயிலை அது பார்த்துக்கொள்ளும். காலை மாலை வெயிலுக்குச் செங்குத்துப் பட்டைகள்: 45 செ.மீ. இடைவெளிக்கு ஒன்று, ஆழம் 20 செ.மீ. சன்ஷேடை மட்டும் நீட்டிக்கொண்டே போவது வீண். தாழ்ந்த வெயில் அதன் கீழே நுழைந்துவிடும்.

இன்னொரு சிக்கல், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. காற்றோடு வரும் சாரல் இதே கண்ணாடியில்தான் அடிக்கும். எனவே தட்டு ஓடு பதித்து முடித்த மாடித் தளத்திலிருந்து கண்ணாடியின் அடிப்பகுதி குறைந்தது 30 செ.மீ. மேலே இருக்கட்டும். சன்ஷேடின் அடியில் நீர் சொட்டும் பள்ளம் ஒன்றைக் கட்டாயம் வரையுங்கள்.

படி 5: விளக்கு

ஓவியத்தின் நடுப்புள்ளியை 1.5 மீட்டரில் வையுங்கள். விளக்கு செங்குத்துக் கோட்டிலிருந்து 30 டிகிரி சாய்வில் அதைத் தொட வேண்டும். சீலிங் 3.6 மீ. என்றால், 3.6-இல் 1.5 கழித்து 0.58-ஆல் பெருக்க, சுவரிலிருந்து 1.2 மீட்டரில் டிராக் (விளக்குகளை மாட்டும் தண்டவாளம்) வரும். 60 செ.மீ. பக்கத்தில் கொண்டுவந்தால் சட்டத்தின் நிழல் ஓவியத்தின்மேல் விழும், சுவர்ப் பூச்சின் ஒவ்வொரு மேடுபள்ளமும் தெரியும். இரண்டு மீட்டருக்குத் தள்ளினால் பார்ப்பவரின் நிழலே ஓவியத்தை மறைக்கும்.

எண்ணெய், அக்ரிலிக் ஓவியங்களுக்கு 150 முதல் 200 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு). காகிதத்தில் வரைந்த நீர்வண்ணத்துக்கு 50 தான். அந்த அறைக்கு வானவெளிச்சமே வேண்டாம். சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90-க்கு மேற்பட்ட எல்இடி மட்டும் வாங்கச் சொல்லி எழுதுங்கள்.

படி 6: சுவர், தரை, ஈரம்

செங்கல் சுவருக்கு முன்னால் 5 செ.மீ. காற்றிடைவெளி, பிறகு 12 மி.மீ. பிளைவுட், அதன்மேல் ஜிப்சம் போர்டு. வெளிச்சுவர் ஈரம் கேன்வாஸுக்குப் போகாது. எங்கு வேண்டுமானாலும் ஆணி அடிக்கலாம். பிளைவுட் இல்லாமல் ஜிப்சம் மட்டும் போட்டால் கனமான சட்டம் ஒருநாள் ஆணியோடு கீழே வரும்.

பளபள விட்ரிஃபைடு டைல்ஸ் எல்லா விளக்கையும் கண்ணுக்குத் திருப்பி அடிக்கும். ரெட் ஆக்சைடு தரை அழகுதான், ஆனால் வெள்ளைச் சுவரின் அடிப்பாகம் முழுக்கச் செம்மை ஏறும். சாம்பல் நிற மேட் தரை போதும்.

ஏசி காற்று நேராக ஓவியத்தில் படக்கூடாது. பகலில் போட்டு இரவில் அணைப்பது இன்னும் கெடுதல்: ஈரப்பதம் ஏறி இறங்க, கேன்வாஸ் விரிந்து சுருங்கி வண்ணம் வெடிக்கும். கூரைக்கு வெப்பத்தடுப்பு கொடுத்தால் இந்த ஏற்ற இறக்கம் குறையும்.

படி 7: மாடல் செய்து சோதியுங்கள்

ஒரே ஓர் அறையை 1:20-ல் மவுண்ட் போர்டில் (கெட்டி அட்டை) செய்யுங்கள். 30 × 45 செ.மீ., உயரம் 18. இணைப்புகளில் கறுப்பு டேப் ஒட்டாவிட்டால் ஓரங்களில் கசியும் வெளிச்சம் சோதனையைக் கெடுத்துவிடும். ஓவியங்களை 4.5 செ.மீ. அகலத்தில் பிரிண்ட் எடுத்து ஒட்டி, வாசல் துளையில் போன் கேமராவை வைத்து, மொட்டைமாடியில் காலை 8, நண்பகல், மாலை 4 மணிக்குப் படமெடுங்கள்.

ஜூன் வெயிலுக்கு ஜூன் வரை காத்திருக்க வேண்டாம், ஸ்கெட்ச்அப் என்ற 3டி மென்பொருள் காட்டும் நிழல் போதும். ஊரைச் சென்னைக்கு மாற்றினீர்களா என்று மட்டும் பாருங்கள். மாற்றாமல் விட்டால், அதில் முதலிலேயே வைத்திருக்கும் அமெரிக்கக் கொலராடோ வெயிலுக்குக் கட்டடம் வரைந்திருப்பீர்கள்.

எந்தச் சுவரிலாவது வெயில் பட்டை தெரிந்தால் முதலில் செங்குத்துப் பட்டைகளின் இடைவெளியைக் குறையுங்கள், கண்ணாடியைக் கடைசியாகத் தொடுங்கள். சோதித்த அறையின் வெட்டுத்தோற்றத்தை 1:50-ல் வரைந்து, நிற்கும் ஆள் ஒருவர், 1.5 மீ. கோடு, 30 டிகிரி விளக்கு, 80 டிகிரி ஜூன் சூரியன் நான்கையும் அதிலேயே காட்டுங்கள். ஷீட்டின் நடுவில் வர வேண்டியது அந்தப் படம்தான். பிளான் அதன் ஓரத்தில் இருந்தால் போதும்.