போலீஸ்காரர் விட்டுவிட்டார், அது கிருபையா?

போன மாதம் வாலிபர் கூடுகையில் ஒரு தம்பி முதன்முதலாகப் பிரசங்கம் செய்தான். ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஓட்டினானாம், போலீஸ்காரர் மறித்தாராம், 1000 ரூபாய் அபராதம் எழுதப்போனவர் முகத்தைப் பார்த்துவிட்டு "சரி, போ" என்றாராம். "இதுதான் கிருபை!" என்று முடித்தான். எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். நான் நெளிந்தேன். 20 வருஷத்துக்கு முன்னால் அதே கதையைச் சொன்னவன் நான். அப்போது அபராதம் 100 ரூபாய், வித்தியாசம் அவ்வளவுதான்.

புதிதாகப் பிரசங்கிக்கிறவர்கள் வசன எண்ணை மாற்றிச் சொல்வது, நேரம் தாண்டிப் பேசுவதெல்லாம் போகப்போகச் சரியாகிவிடும். அன்றாட வாழ்க்கையிலிருந்து நியாயப்பிரமாணத்துக்கும் (மோசே வழியாகத் தேவன் கொடுத்த சட்டம்) கிருபைக்கும் (தகுதியில்லாதவனுக்குத் தேவன் காட்டும் தயவு) உதாரணம் எடுக்கும்போது வருகிற தவறுகள் அப்படித் தானாகச் சரியாவதில்லை.

விட்டுவிடுவதைக் கிருபை என்பது

20 வருஷத்துக்கு முன்னால் அந்தக் கதையைச் சொன்ன அன்றைக்கு, நான் பிரசங்கம் முடித்து வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா பக்கத்தில் வந்தார். அவர் கணவர் லாரி மோதி இறந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஓட்டியவன் குடித்திருந்தான். குரலை உயர்த்தாமல்தான் கேட்டார்: "தம்பி, அந்த லாரிக்காரனையும் முந்தின செக்போஸ்டுல யாராவது இப்படித்தான் போகச் சொல்லியிருப்பாங்களோ?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்த அம்மாவுக்கு நான் அறிவித்த தேவன், குற்றத்தைப் பார்த்தும் பாராமல் இருக்கிற ஒரு அதிகாரி. அப்படிப்பட்ட அதிகாரிகளை அவர் நிறையவே பார்த்திருந்தார்.

பைபிளில் ரோமர் 3:26-ஐ நிதானமாக வாசித்தால் இந்தத் தவறு வராது. தேவன் நீதியுள்ளவராகவும் இருக்கிறார், விசுவாசிக்கிறவனை நீதிமானாக்குகிறவராகவும் இருக்கிறார். இரண்டும் ஒரே வசனத்தில். அதற்கு முந்தின வசனத்தில் இயேசுவின் இரத்தம் இருக்கிறது. நம் ஹெல்மெட் கதையில் யாருக்கும் பத்துப் பைசா செலவில்லை.

இதற்கு நம் பாஷையிலேயே உதாரணம் கிடக்கிறது. ஜெபத்தில் மீட்பர் என்கிறோம். அடகுக் கடையிலும் மீட்பதுதான். என் காலேஜ் பீஸுக்காக அம்மா செயினை அடகு வைத்திருந்தார். இரண்டு வருஷம் கழித்து அக்கா தன் சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு போனாள், கூட நானும் போனேன். கடைக்காரர் ரசீதைப் பார்த்து, நாள் கணக்குப் போட்டு, வட்டியை ரூபாய் சுத்தமாகச் சொன்னார். ஒரு ரூபாய் குறைக்கவில்லை. அக்கா எண்ணி வைத்தாள். அவர் பொட்டலத்தைப் பிரித்து, எங்கள் முன்னாலேயே எடை போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மா கழுத்தில் போட்டுக்கொண்டார். அம்மா கொடுத்தது ஒன்றுமில்லை. கடைக்கு வரவேண்டியது ஒன்றும் பாக்கியில்லை. அக்கா பல மாதம் கட்டிய சீட்டுத்தான் போயிற்று.

'தள்ளுபடி' என்ற சொல்லும் இப்படித்தான். 2021-ல் கூட்டுறவு வங்கிகளில் 5 சவரன் வரைக்குமான நகைக்கடன் தள்ளுபடி என்று அரசு அறிவித்தது. கடன் காற்றில் கரைந்துவிடவில்லை, கஜானா ஏற்றுக்கொண்டது. ஆனால் அதில் யார் தகுதி, யார் தகுதியில்லை என்று பட்டியல் போட்டார்களே, உதாரணம் அந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. அதையும் சபையில் சொல்லிவிடுங்கள்.

கூடுகை முடிந்து டீ குடிக்கும்போது அந்தத் தம்பியிடம், "அந்த 1000 ரூபாயை யார் கட்டினாங்க?" என்று கேட்டேன். "யாரும் கட்டலையே அண்ணே" என்றான். கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நியாயப்பிரமாணத்தை வில்லனாக்குவது

பிரம்பு வாத்தியார், கண்டிப்பான மாமியார், லஞ்சம் கேட்கிற அதிகாரி எல்லாரும் இந்த வேஷத்துக்கு வருவார்கள். பவுலோ ரோமர் 7:12-ல் அதைப் பரிசுத்தமானது என்கிறார். கலாத்தியர் 3:24 நியாயப்பிரமாணத்தை 'உபாத்தி' என்கிறது, அதை வாத்தியார் என்று எடுத்துக்கொண்டு பிரம்பைச் சுழற்றுகிறவர்களும் உண்டு. மூலக் கிரேக்கச் சொல் குறிப்பது பாடம் நடத்துகிறவரை அல்ல. பையனைக் கண்காணித்து, பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வருகிற வீட்டு வேலைக்காரர் அவர். எல்கேஜி பிள்ளையின் கையை விடாமல் சாலையைக் கடக்க வைக்கிற ஆயாவைச் சொல்லிப் பாருங்கள், இன்னும் பொருத்தமாக இருக்கும்.

பத்துக் கட்டளையை மூன்றாம் வசனத்தில் தொடங்குவது

யாத்திராகமம் 20:2-ல் தேவன் இஸ்ரவேலரை எகிப்திலிருந்து வெளியே கொண்டுவந்தாயிற்று. கட்டளை அப்புறம்தான்.

பழைய ஏற்பாடு சட்டம், புதியது கிருபை என்பது

பழைய ஏற்பாட்டிலேயே யோனா 4:2 இருக்கிறது. நினிவே பட்டணத்துக்குத் தேவன் காட்டின கிருபையைப் பார்த்துத்தான் யோனாவுக்குக் கோபமே வந்தது.

சபையாரின் வீட்டுக் கதையை எடுப்பது

வேண்டாம். பெயர் சொல்லாவிட்டாலும் ஊருக்கே தெரியும்.

தொகையைச் சொல்லாமல் கடந்து போவது

மத்தேயு 18-ல் இயேசு சொன்ன கதையில், ராஜா ஒரு வேலைக்காரனுக்கு மன்னித்துவிட்ட கடன் பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்து ஏறக்குறைய 6000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஆக, 6 கோடி நாள் கூலி. இதை எப்படியோ சொல்லிவிடுகிறோம். சறுக்குவது அடுத்த தொகையில். உடன் வேலைக்காரன் அவனுக்குத் தரவேண்டிய, அவன் மன்னிக்க மறுத்த நூறு வெள்ளிப்பணத்தைச் சில்லறைக் கடன் என்று நானே பல வருஷம் பிரசங்கித்திருக்கிறேன். சில்லறை இல்லை, அது நூறு நாள் கூலி.

ஒரு கிராமத்துச் சபையில் அதை அப்படியே சொன்னேன். அங்கே பாதிப் பேர் அப்போது நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். முன்னால் பாயில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "ஏயப்பா, ஒரு வருஷத்துக் கூலியையா விடச் சொல்றாரு?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது.