காப்புறுதி ஆண்டறிக்கையின் பின்பக்கம்

கோலாலம்பூரின் செந்தூலில் இருக்கும் அப்பாவின் மருத்துவக் காப்புறுதி அட்டைக்கான மாதச் சந்தா 280 ரிங்கிட்டிலிருந்து 410 ஆகிறது என்று கடிதம் வந்தது. பழையதை ரத்து செய்துவிட்டு மலிவான புதிய திட்டம் எடுக்கச் சொன்ன முகவரை நம்பி மூன்று நாள்களை இழந்தேன். புதிய திட்டத்தில் உயர் இரத்த அழுத்தம் போன்ற நோய்களுக்கு 120 நாள் காத்திருப்புக் காலம் உண்டு என்பதும், ஏற்கெனவே இருக்கும் நீரிழிவுக்குக் காப்பே கிடைக்காது என்பதும் படிவத்தை வாசித்த பிறகுதான் புரிந்தன. உயர்வைக் குறைந்தது 3 ஆண்டுகளுக்குப் பிரித்து விதிக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா அறிவித்ததைச் சொல்லி நிறுவனத்திடம் கேட்டேன். பிரித்த தொகையே அதுதான் என்றார்கள்.

சந்தாவைக் குறைப்பதற்கான விடை, நிறுவனம் அனுப்பிய காப்புறுதி ஆண்டறிக்கையின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில் இருந்தது. அப்பாவுடையது, சந்தாவை ஒரு நிதியில் முதலீடு செய்யும் வகைக் காப்புறுதி என்பதால், மருத்துவக் காப்புக்கான கட்டணம் மாதந்தோறும் அந்த நிதியில் அவருக்குள்ள யூனிட்டுகளை, அதாவது பங்குகளை, விற்றே கழிக்கப்படுகிறது. அப்பாவின் நிதி 68 வயதிலேயே தீர்ந்துவிடும் என்று அங்கே அச்சிட்டிருந்தது. கூடவே, யாரும் கேட்காத இரண்டு துணைக் காப்புகளும் அதே நிதியைத் தின்றுகொண்டிருந்தன. அவற்றை நீக்கி, சிகிச்சைச் செலவில் ஒரு பங்கை நாங்களே ஏற்கும் திட்டத்திற்கு மாற்றும்படி, முகவரை விட்டுவிட்டு நிறுவனத்திற்கே எழுதிக் கொடுத்தேன். இப்போது சந்தா 305 ரிங்கிட்.