முகூர்த்தத்துக்கு முந்தின நாள்: கும்பகோணத்தில் அரை நாள் சுற்றுவது எப்படி?

கும்பகோணத்தில் கல்யாணம் என்றால் வெளியூர்க்காரர்கள் முந்தின நாள் விடியற்காலையே ரயிலில் வந்து இறங்கிவிடுகிறோம். மாப்பிள்ளை அழைப்பு சாயங்காலம்தான். அதுவரை மண்டபத்தில் என்ன செய்வது? உடனே யாராவது ஒருவர், "வந்ததுதான் வந்தோம், நவக்கிரகக் கோயில் ஒன்பதையும் பார்த்துடலாமே" என்று ஆரம்பிப்பார்.

தலையாட்டாதீர்கள். நாங்கள் ஆட்டினோம். திருநள்ளாறு காரைக்காலில் இருக்கிறது, கீழப்பெரும்பள்ளம் பூம்புகார்ப் பக்கம். மாப்பிள்ளை காரில் ஏறுகிற நேரத்தில் சித்தி திருநள்ளாற்றில் தரிசன வரிசையில் நின்றுகொண்டிருந்தார். ஆரத்தித் தட்டு இருந்த பை அவர் வந்த வேனில்!

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இரண்டே இடம்தான்: தாராசுரம், சுவாமிமலை. முதல் தடவை போகிறவர்கள் இப்படிச் செய்யலாம்.

1. ரயில் ஏறும் முன்பே நேரத்தைக் கேளுங்கள்

அழைப்பு எத்தனை மணிக்கு என்று கல்யாண வீட்டாரிடம் கேளுங்கள். ஆறு மணி என்றால் மூன்றுக்கே பூ வந்துவிடும், புடவை கட்டுகிற வேலை தொடங்கிவிடும். ஆகவே மதியப் பந்திக்கு மண்டபத்தில் இருக்க வேண்டும். பெரிய கோயில்கள் பலவும் பன்னிரண்டு மணி வாக்கில் நடை சாத்தி நாலு மணிக்குத்தான் திறப்பார்கள், அதனால் இழப்பும் ஒன்றுமில்லை.

2. வண்டியில் எது ஏறக்கூடாது

சீர்ச் சாமான், பீரோ சாவி, நகைப் பை. மூன்றும் மண்டபத்திலேயே இருக்கட்டும். கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் கூட ஏறக்கூடாது. காப்புக் கட்டியபின் ஊர் எல்லை தாண்டக் கூடாது என்று பாட்டிகள் சொன்னால் அன்றைக்கு வாதாடாதீர்கள்.

3. காபி, பிறகு தாராசுரம்

ஆறரைக்கு டிகிரி காபி. பித்தளை டபராவில் தருகிற கடையாகப் பார்த்து உட்காருங்கள். டிபனுக்கு இட்லியோடு கடப்பா கிடைத்தால் விடாதீர்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த இந்த ஊர்க் குழம்பு அது.

தாராசுரம் நாலு கிலோமீட்டர்தான். ஐராவதேசுவரர் கோயில் இரண்டாம் ராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் கட்டியது. 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தஞ்சைப் பெரிய கோயிலைப் போல அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை, குனிந்து பார்க்க வேண்டிய கோயில் இது. முன்மண்டபம் சக்கரமும் குதிரையும் பூட்டிய தேர். கருவறைச் சுவரின் கீழ்வரியில் அறுபத்து மூவர் கதைகள் சின்னச் சின்னச் சிற்பங்களாக ஓடுகின்றன. பிள்ளைகளிடம் ரிஷப குஞ்சரத்தைக் காட்டுங்கள். காளைக்கும் யானைக்கும் ஒரே தலை. ஒரு பக்கத்து உடம்பைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. எங்கள் கூட்டத்தில் இதற்கே கால் மணி நேரம் போனது, பெரியவர்கள்தான் நகரவில்லை. பலிபீடத்தின் இசைப்படிகளுக்குக் கம்பி போட்டிருக்கிறார்கள், தட்டிப் பார்க்க முடியாது.

ஒன்பதரைக்குக் கிளம்பிவிடுங்கள். வெயில் ஏறினால் கல்தரை காலைச் சுடும்.

4. சுவாமிமலை

முருகன் கோயிலுக்கு அறுபது படி. தமிழ் வருஷங்கள் அறுபதுக்கும் ஒவ்வொரு படி என்பார்கள். முட்டி வலிக்காரர்களை வற்புறுத்தாதீர்கள், கீழே மீனாட்சி சுந்தரேசுவரர் சந்நிதி இருக்கிறது.

தரிசனம் முடிந்தால் பலரும் வண்டியில் ஏறிவிடுகிறார்கள். ஊருக்குள் உலோகச் சிலை வார்க்கிற ஒரு சிற்பக்கூடத்தையும் எட்டிப் பாருங்கள். அனுமதி கேட்டால் பெரும்பாலும் உள்ளே விடுவார்கள். சிலை வாங்குகிற எண்ணம் இல்லையென்றால் வாசலிலேயே சொல்லிவிடுவது மரியாதை. நாங்கள் போனபோது ஸ்தபதி ஒருவர் தென்னை ஓலைக் கீற்றைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். முகம் எவ்வளவு, மார்பு எவ்வளவு என்பதற்கு அந்த மடிப்புதான் அளவுகோல். மெழுகில் உருவம் செய்து, மேலே காவிரி வண்டல் மண்ணைப் பூசி, காயவைத்துச் சுட்டால் மெழுகு உருகி வெளியே வந்துவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தைக் காய்ச்சி ஊற்றுகிறார்கள். ஆறியதும் மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். அதே அச்சில் இன்னொன்று வராது.

5. பரிசு வாங்கவில்லையா?

நாச்சியார்கோயில் குத்துவிளக்கு கல்யாணத்துக்கு ஏற்ற பரிசு. ஆனால் அந்த ஊர் சுவாமிமலைக்கு நேர் எதிர்த் திசை. அங்கே போவதானால் சுவாமிமலையை விட்டுவிடுங்கள். இரண்டும் வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால் விளக்கைக் கும்பகோணத்துக் கடைவீதியிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

6. திரும்புதல்

பதினொன்றரைக்கு வண்டி கிளம்பியே ஆக வேண்டும். ஏறியவர்களை எண்ணுங்கள். சித்தியை இரண்டு தடவை எண்ணுங்கள்.