மூழ்கத் தயாரான போர்க்கப்பல்: முதல் மாடலைக் கட்டுவது எப்படி?

1970களின் இறுதியில் அமெரிக்காவின் டெக்சாஸில் தொடங்கிய விளையாட்டு இது. ரிமோட்டில் ஓடும் 1:144 அளவு மாடல் போர்க்கப்பல்கள் குளத்தில் ஒன்றையொன்று நிஜமாகவே சுட்டு மூழ்கடிக்கும். 'பிக் கன்' பிரிவில் அசல் கப்பலின் பீரங்கியைப் பொறுத்து குண்டின் அளவு மாறும். 'ஃபாஸ்ட் கன்' பிரிவில் எல்லோருக்கும் ஒரே 4.5 மி.மீ. ஏர்கன் குண்டுதான். புதியவர்களுக்கு இதுவே சுலபம் என்பதால் இதையே பார்ப்போம்.

1. கப்பலைத் தேர்ந்தெடுங்கள்

ஜெர்மனியின் பிஸ்மார்க் மேல் எல்லோருக்கும் ஆசை வரும். அசல் நீளமான 251 மீட்டரை 144ஆல் வகுத்தால் 1.74 மீட்டர். அதைத் தூக்கவே துணைக்கு ஆள் வேண்டும். பிரிட்டனின் இன்வின்சிபிள் நல்ல தொடக்கம்: நீளம் 1.2 மீட்டர், எடை ஆறேழு கிலோ. 1916 ஜட்லாண்ட் போரில் வெடித்துச் சிதறிய கப்பல்தான். சகுனம் பார்ப்பவர்கள் வேறு தேடலாம்.

2. உடலைக் கட்டுங்கள்

ஃபைபர்கிளாஸ் அல்லது ப்ளைவுட்டில் சட்டம் அமைத்து, பக்கவாட்டில் ஜன்னல் ஜன்னலாகத் திறந்துவிடுங்கள். அதன் மேல் 0.8 மி.மீ. பால்சா (மிக லேசான மரம்) பலகை ஒட்ட வேண்டும். குண்டு துளைத்தே ஆக வேண்டும் என்பதுதான் விதி. அதனால் பலகையைத் தடிப்பாக்கவோ, விலாச்சட்டங்களை நெருக்கி வைக்கவோ முடியாது.

3. தண்ணீருக்கு வழி விடுங்கள்

புதியவர்கள் பீரங்கியிலேயே மூழ்கிவிட்டு இதைக் கோட்டை விடுகிறார்கள். உள்ளே வரும் தண்ணீர் தட்டையான தரையில் பரவினால், கப்பல் திரும்பும்போது மொத்தமும் ஒரு பக்கம் சாயும். அப்புறம் கவிழ வேண்டியதுதான். ஆகவே தரையின் இரு பக்கமும் நிரப்பி உயர்த்தி, நடுவில் ஒரு குறுகிய வாய்க்கால் விடுங்கள். அதன் மிகத் தாழ்ந்த இடத்தில் பம்ப். பால்சா துணுக்கு போய் அடைக்காமல் முன்னால் வலை வையுங்கள். ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர், நீர் புகாத டப்பாவுக்குள் இருக்கட்டும். பேட்டரியை நடுக்கோட்டில் தாழ்வாகப் பொருத்துங்கள். ஒரு மக் தண்ணீரை உள்ளே ஊற்றி, எங்கே தேங்குகிறது என்று வீட்டுத் தொட்டியிலேயே பார்த்துவிடுங்கள்.

4. பீரங்கி

சிறிய சிலிண்டரில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தத்தை ரெகுலேட்டர் 150 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டு) குறைக்கும். ரிமோட்டுக்கு அசையும் சின்ன மோட்டாரான சர்வோ, வால்வைத் திறந்ததும், ரப்பர் வளையத்தில் சிக்கி நிற்கும் குண்டு பாயும். ஒரு பீரங்கிக்கு 50 குண்டு. முதல் கப்பலுக்குப் பின்பக்கம் ஒன்றிரண்டு பீரங்கி போதும்.

5. களத்தில்

கரையில் நிற்கும் எல்லோரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும். இதில் பேச்சுக்கே இடமில்லை. நீர்மட்டத்துக்கு மேலே விழும் ஓட்டைக்கு 10 புள்ளி, நீர்மட்டத்தில் 25, கீழே 50. மூழ்கடித்தால் தனிப் புள்ளி. குண்டு தீர்ந்தால் உடனே கரை ஒதுங்க முடியாது. 'ஃபைவ்' என்று அறிவித்து, ஐந்து நிமிடம் அடி வாங்கிக்கொண்டே ஓட வேண்டும். பம்பின் அருமை அப்போது தெரியும்.

மூழ்கினால் நூல் கட்டிய மிதவை மேலே வரும், இழுத்து எடுங்கள். ஓட்டைகளைத் துடைத்துக் காயவைத்து, மெல்லிய தாளும் சூப்பர் க்ளூவும் வைத்து அடைத்தால், அடுத்த சுற்றுக்கு இறக்கலாம்.