பிரிட்டன் வேலை விசா: கம்பெனி ஸ்பான்சர் செய்தும் ஏன் மறுக்கிறார்கள்?

ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் பாதி விசா கிடைத்த மாதிரிதான் பலர் நினைக்கிறார்கள். பிரிட்டனின் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் கம்பெனி ஏற்றிய பதிவையும் நீங்கள் போட்ட விண்ணப்பத்தையும் அதிகாரி பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். தவறு கம்பெனியுடையதாக இருந்தாலும் மறுப்புக் கடிதம் உங்கள் பெயருக்குத்தான் வரும். அதனால் ஹெச்ஆர் பார்த்துக்கொள்வார் என்று எதையும் விடக்கூடாது.

முதலில் சிஓஎஸ், அதாவது கம்பெனி தரும் ஸ்பான்சர்ஷிப் சான்று. இது காகிதம் அல்ல, பிரிட்டனின் உள்துறை அமைச்சகமான ஹோம் ஆபீஸின் கணினியில் கம்பெனி செய்யும் பதிவு. விண்ணப்பத்துக்குத் தேவைப்படுவது அதன் எண் மட்டும்தான். ஆனால் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு விண்ணப்பிப்பது பெரிய தவறு. பதிவின் முழு நகலையும் கேளுங்கள். தரத் தயங்கும் கம்பெனியைப் பற்றி இன்னொரு முறை யோசிப்பது நல்லது. பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் எழுத்துக்கு எழுத்து சரியா, வேலைக் குறியீடு (ஒவ்வொரு வகை வேலைக்கும் உள்ள எண்) உங்கள் வேலைக்குப் பொருந்துகிறதா, வார மணி நேரம், சம்பளம், சேரும் தேதி என்ன என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பவருக்கு ‘டிஃபைன்டு’ வகை சிஓஎஸ்தான் வேண்டும். அனுபவமில்லாத சிறு கம்பெனிகள் மற்ற வகையைக் கொடுத்துவிடுவதுண்டு. பதிவு கிடைத்த 3 மாதத்துக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். அதே சமயம், சேரும் தேதிக்கு 3 மாதத்துக்கு மேல் இருக்கும்போது விண்ணப்பிக்கவும் முடியாது.

சம்பளக் கணக்கில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். 2025 ஜூலை 22 முதல் பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 41,700 பவுண்டு. ஆனால் ஒவ்வொரு வேலைக் குறியீட்டுக்கும் தனியாக ஒரு சம்பள விகிதம் உண்டு, இரண்டில் எது அதிகமோ அதுதான் கணக்கு. இளம் பணியாளர்களுக்கும் சில மருத்துவத் துறை வேலைகளுக்கும் இதைவிடக் குறைந்த வரம்பு உண்டு. வேலை விகிதம் வாரம் 37.5 மணி நேரத்துக்குப் போடப்பட்டது என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஒரு வேலையின் விகிதம் 45,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தில் வாரம் 40 மணி நேரம் என்றிருந்தால் 48,000 தேவை. 46,000 பவுண்டு ஆஃபர் தாராளமாகத் தெரியும், ஆனால் தேறாது. ஓவர்டைம், போனஸ், வீட்டு வாடகைப் படி எதுவும் இதில் சேராது, அடிப்படைச் சம்பளம் மட்டும்தான். அதே தேதியிலிருந்து பெரும்பாலான வேலைகளுக்குப் பட்டப்படிப்பு அளவிலான தகுதி வேண்டும். பராமரிப்புப் பணியாளர் (கேர் ஒர்க்கர்) வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பது நிறுத்தப்பட்டுவிட்டது. அதற்கு விசா வாங்கித் தருவதாக இன்னும் பணம் கேட்பவர்களைக் கிட்டவே சேர்க்காதீர்கள்.

அடுத்தது வங்கி இருப்பு. 1,270 பவுண்டு தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். அந்த 28-வது நாள், விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய 31 நாளுக்குள் வர வேண்டும். இடையில் ஒரே ஒரு நாள் 1,260-க்கு இறங்கினாலும் போச்சு. ரூபாய்க் கணக்கென்றால் மாற்று விகிதம் ஏறி இறங்கும், எனவே கொஞ்சம் கூடுதலாகவே வைத்திருங்கள். அப்பாவின் கணக்கில் இருக்கும் பணம் இங்கே செல்லாது. அது மாணவர் விசாவுக்கான சலுகை. பங்குகளையும் ஏற்பதில்லை. உடனே எடுக்க முடியாத வைப்பு நிதியும் உதவாது. முதல் மாதச் செலவைக் கம்பெனியே ஏற்பதாகப் பதிவில் உறுதி கொடுத்திருந்தால் இந்தத் தலைவலியே இல்லை. ஆனால் ‘பார்த்துக்கொள்கிறோம்’ என்று மின்னஞ்சலில் சொன்னால் போதாது, சிஓஎஸ்ஸில் அந்தக் கட்டத்தை டிக் செய்திருக்க வேண்டும்.

ஆங்கிலத் தேர்வில் நடக்கும் குளறுபடி வேறு மாதிரி. சாதாரண ஐஇஎல்டிஎஸ்ஸில் எவ்வளவு மதிப்பெண் எடுத்திருந்தாலும் இதற்குச் செல்லாது. ‘ஐஇஎல்டிஎஸ் ஃபார் யூகேவிஐ’ போன்ற, விசாவுக்கு அங்கீகரிக்கப்பட்ட தேர்வைத் தனியாக எழுத வேண்டும். 2026 ஜனவரி 8 முதல் முதன்முறை விண்ணப்பிப்பவர்களுக்குத் தேவையான ஆங்கிலத் திறன் நிலை பி1-லிருந்து அதற்கு ஒரு படி மேலான பி2-ஆக உயர்ந்தது. ஆங்கில வழியில் பட்டம் பெற்றவர்கள் கல்லூரிக் கடிதத்தை மட்டும் இணைத்தால் போதாது, வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் எக்டிஸ் அமைப்பின் உறுதிச் சான்று வேண்டும்.

இந்தியா, இலங்கையிலிருந்து போகிறவர்களுக்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்று கட்டாயம். ஹோம் ஆபீஸ் அங்கீகரித்த மையத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும், 6 மாதம்தான் செல்லும். மருத்துவம், கல்வித் துறை வேலைகளுக்குக் காவல்துறைச் சான்றும் கேட்பார்கள்.

தாள்கள் எல்லாம் சரியாக இருந்தும் மறுப்பு வரலாம். வேலை உண்மையானதுதானா என்ற சந்தேகம் எழுந்தால் அழைத்துப் பேசுவார்கள். என்ன வேலை, யார் நேர்காணல் செய்தார், விளம்பரத்தை எங்கே பார்த்தீர்கள் என்று கேட்பார்கள். ஏஜென்ட் எழுதிக் கொடுத்த பதிலை ஒப்பிப்பவர் இரண்டாவது கேள்வியிலேயே தடுமாறுவார். நீங்கள் அறியாமல் ஏஜென்ட் வைத்த போலி அனுபவச் சான்றுக்கும் விசா மறுக்கப்படலாம். ஏமாற்றியதாக முடிவானால் 10 ஆண்டுகளுக்கு விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படும். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது கம்பெனியின் ஸ்பான்சர் உரிமம் பறிபோனாலும் விசா கிடைக்காது. உரிமம் உள்ள கம்பெனிகளின் பட்டியல் பிரிட்டன் அரசின் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. பணம் கட்டும் நாளில் அதை மறுபடி பாருங்கள்.

மறுப்பு வந்துவிட்டால், அதிகாரியின் பிழை என்று காட்ட முடிந்தால் மட்டும் 28 நாளுக்குள் 80 பவுண்டு கட்டி மறுஆய்வு கேளுங்கள். விட்டுப்போன தாளைச் சேர்க்க அது வழியல்ல. அதற்குப் புது சிஓஎஸ் வாங்கி, புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். விசாக் கட்டணம் திரும்பி வராது. ஆண்டுக்கு 1,035 பவுண்டு என்று கட்டிய சுகாதாரக் கட்டணம் திரும்பி வரும்.